சும்மா போய்வருதல்

"எங்கே கிளம்பிட்டே?" என்று கேட்டால், நம் ஊரில் ஓர் ஆண் "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடலாம். அந்தச் சொல்லோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு பெண் அதே சொல்லைச் சொன்னால் பேச்சு அங்கேதான் தொடங்கும். சும்மான்னா? யார்கூட? எப்ப வருவே? வீட்ல யாரு இருக்கா? ஆகவே நாம் சின்ன வயதிலேயே ஒரு காரணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போகப் பழகிவிடுகிறோம். பால் பாக்கெட், அர்ச்சனைக் கூடை, தைக்கக் கொடுத்த ஜாக்கெட், திருப்பித்தர வேண்டிய நூலகப் புத்தகம். கையில் ஒன்று இருந்தால் தெரு நம்மை விட்டுவிடும்.

இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சைக்கிள் குழுவோடு போய்க்கொண்டிருக்கிறேன். விடியுமுன் ஐந்தேகாலுக்கு லஸ் முனையில் கூடுவோம். மெட்ரோ வேலைக்காக வைத்திருக்கும் தகரத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு கச்சேரி சாலைக்கு வந்து, சாந்தோம், கலங்கரை விளக்கம், லூப் ரோடு, பட்டினப்பாக்கம், அடையாறு திரு.வி.க. பாலம் என்று பெசன்ட் நகர் கடற்கரை வரை. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். திரும்பும்போது மயிலாப்பூரில் பொங்கல், வடை, காபி. இருபது பேர் வந்தால் அதில் ஏழெட்டுப் பேர் பெண்கள். வங்கியில் வேலை பார்ப்பவர், பல் மருத்துவர், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா, கல்லூரி ஆசிரியையான நான்.

எங்கள் குடியிருப்பில் என்னைப் பார்ப்பவர்கள் "வெயிட் குறைக்கவா மேடம்?" என்று கேட்கிறார்கள். "சுகருக்கு ரொம்ப நல்லது" என்று அவர்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான். ஆனால் அந்தப் பதில் ஒரு அனுமதிச் சீட்டு. எனக்குச் சர்க்கரை இல்லை. எடை குறையவும் இல்லை. காலையில் காற்று முகத்தில் படுவது பிடித்திருக்கிறது, போகிறேன். இதைச் சொன்னால் கேட்பவர் முகத்தில் ஒரு தயக்கம் வருகிறது. அந்தத் தயக்கத்தை அற்பமானது என்று ஒதுக்கிவிட முடியாது. அதற்குள் ஒரு அறக்கேள்வி இருக்கிறது: ஒரு பெண் தன் நேரத்தை, யாருக்கும் ஒரு பயனும் இல்லாமல், வெளியில் செலவழிக்கலாமா?

நான் பாடம் நடத்தும் இலக்கணத்திலேயே இந்தக் கேள்விக்கான பழைய பதில் ஒன்று இருக்கிறது. தலைவன் வீட்டைவிட்டுப் பிரிவதற்கான காரணங்களைத் தொல்காப்பியரும் பின்வந்தவர்களும் வகைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். கல்விக்காகப் பிரிவான், தூதுக்காகப் பிரிவான், போருக்காக, பொருளுக்காகப் பிரிவான், பரத்தையிடம் போவதற்காகவும் பிரிவான். இன்பத்துக்காக மட்டுமே போகும் பிரிவுக்கும் இலக்கணத்தில் இடம் உண்டு. பெண் வீட்டைவிட்டுப் போவதற்கு ஒன்றே ஒன்றுதான்: உடன்போக்கு. பெயரிலேயே 'உடன்' இருக்கிறது. அவள் தனியாகப் போக ஒரு துறை இல்லை. தெருவில் பேச்சு எழுந்தால் அதற்கு இரண்டு பெயர், அம்பல் என்றும் அலர் என்றும். பேச்சு எழுந்தபின் அவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒரு பெயர், இற்செறிப்பு. கட்டுப்பாட்டின் ஒவ்வொரு படிக்கும் கலைச்சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது.

இதே மொழியில்தான் பரிபாடலும் இருக்கிறது. வையையில் புதுப்புனல் வந்தது என்று கேட்டதும் மதுரை நகரமே ஆணும் பெண்ணுமாகக் கிளம்பி ஆற்றுக்குப் போகும் பாடல்கள் அதில் உண்டு. நெரிசல், சிரிப்பு, ஊடல், கேலி எல்லாம் உண்டு. ஆனால் அது விழா. நம் மரபு பெண்ணுக்கு வெளியைக் கொடுத்தபோதெல்லாம் ஒரு தேதியோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறது. பங்குனியில் மயிலாப்பூர் மாட வீதிகளில் அறுபத்துமூவர் உலா வரும் நாளில் பெண்கள் நேரம் போவது தெரியாமல் தெருவில் நிற்கலாம், மோர் குடிக்கலாம், யார் வீட்டுத் திண்ணையிலும் உட்காரலாம். அடுத்த வாரம் அதே தெருமுனையில் அதே பெண் பத்து நிமிடம் நின்றால், "யாருக்காக வெயிட் பண்றா?" என்று கேட்பார்கள்.

அந்த உலாவில் வரும் அறுபத்து மூவரில் பெண்கள் மூவர். அவர்களில் காரைக்கால் அம்மையார் சேக்கிழார் சொல்லும் கதைப்படி தன் அழகான உடலை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற பிறகுதான் கயிலைக்கு நடந்தார், அதுவும் தலையால். ஔவையைப் பற்றி மக்கள் சொல்லும் கதையும் இப்படித்தான்: இளமையோடு ஊர் ஊராகச் சுற்ற முடியாது என்பதால் விநாயகரிடம் முதுமையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சங்கப்பாட்டு ஔவையும் இந்தக் கதையின் ஔவையும் ஒருவரல்லர். ஆனாலும் நம் சமூகத்துக்கு ஊர்சுற்றும் பெண்ணைக் கற்பனை செய்யத் தோன்றியபோது அவள் கிழவியாகவோ பேயாகவோதான் இருக்க வேண்டியிருந்தது. 'ஊர்சுற்றி' என்று ஓர் ஆண் எழுத்தாளர் தன்னை அழைத்துக்கொண்டால் அது பெருமை. பெண்ணுக்கு அந்தச் சொல்லைச் சொன்னால் அது வசை. 'ஊர் மேயறவ' என்பது அதைவிடக் கொச்சை.

ஆக, வெளியே போக விரும்பிய பெண்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. உடலைத் துறப்பது ஒன்று. பயனைக் காட்டுவது இன்னொன்று. நவீன காலம் நமக்குத் திறந்துவிட்டது இரண்டாவது வழியை. அதில் தமிழ்நாட்டின் மிகச் சிறந்த கதை சைக்கிளோடு சேர்ந்தது.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் சேர்த்தார்கள். கற்றுக்கொடுக்கப் போகிற பெண்ணும் கற்க வருகிற பெண்ணும் நகர முடியாவிட்டால் எழுத்து எப்படி நகரும் என்ற எளிய யோசனைதான் அது. அங்கே போய்ப் பார்த்து எழுதிய பி. சாய்நாத், ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றதாகவும், எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஊரறியப் போட்டிகளில் ஓட்டிக் காட்டியதாகவும் பதிவு செய்திருக்கிறார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள். லேடீஸ் சைக்கிள் கடைகளில் தீர்ந்துபோனதால் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். பிறகு அதையே விரும்பினார்கள், ஏனென்றால் முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம். ஆணுக்கென்று செய்த வண்டியின் குறுக்குக் கம்பிக்கு அந்தப் பெண்கள் கண்டுபிடித்த பயன் அது.

சைக்கிள் அவர்களுக்குக் கொடுத்த பயன்களை எளிதாகப் பட்டியலிடலாம். பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் நேரம் மிச்சம். விளைந்ததை விற்க நாலு ஊர் கூடப் போகலாம். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு வரலாம். அப்பாவையோ அண்ணனையோ கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பொருளாதாரப் பயனை மட்டும் பெரிதாக்கினால் தவறாகிவிடும், அந்தப் பெண்களுக்குக் கிடைத்த தன்மதிப்புதான் முக்கியம் என்று சாய்நாத் எச்சரிக்கிறார். வகுப்பில் இந்தக் கட்டுரையைப் படிக்கக் கொடுக்கும்போதெல்லாம் நான் மாணவிகளை நிறுத்துவது அந்த இடத்தில்தான். வேலை முடிந்து வெயில் தாழ்ந்தபின், போக எந்த ஊரும் இல்லாமல், பொட்டல் மைதானத்தில் வட்டமாகச் சுற்றிச்சுற்றிப் பழகியிருப்பார்களே, அந்த நேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

அரசுக்கு அதை எழுத ஒரு கட்டம் கிடையாது. பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தால், எத்தனை பேர் படிப்பைத் தொடர்ந்தார்கள் என்று எண்ணுவார்கள். பீகாரில் 2006இல் தொடங்கிய மாணவிகளுக்கான சைக்கிள் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியது என்றும், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்றும் கண்டார்கள். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அதைப் பற்றிய மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்றது. இவையெல்லாம் மகிழ்ச்சிக்குரிய எண்கள். இவை இல்லாமல் எந்தத் திட்டத்தையும் காப்பாற்ற முடியாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் மிச்சமான பணத்தைக் குடும்பத்துக்குச் செலவு செய்தாள் என்று சொன்னால்தான் அவளுடைய பயணம் நியாயமாகிறது. கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள் என்று சொன்னால் "ஓசி பஸ்ஸுல ஊர் சுத்துறாங்க" என்று கேலி வரும். அப்படிக் கேலி செய்பவர்கள் யாருடைய பயணத்துக்கும் காரணம் காட்டியவர்களல்லர்.

பயன் என்ற சாவியால் திறக்கும் கதவு, பயன் தீர்ந்ததும் மூடிக்கொள்ளும். இந்த ஆபத்தைப் பார்த்துத்தான் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் மும்பையை முன்வைத்து 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூலை எழுதினார்கள். காரணமின்றித் தெருவில் நிற்பதற்கான உரிமையைக் கேட்ட நூல் அது. பெண்ணுக்குப் 'பாதுகாப்பு' தருகிறோம் என்ற பேச்சு, அவள் உருப்படியான காரணத்தோடு வெளியே வந்தவள் என்று நிரூபித்தால்தான் செல்லுபடியாகிறது என்பது அவர்கள் வாதம். உலகம் முழுக்க இதே கதைதான். 1890களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் சைக்கிள் ஏறியபோது, ஓட்டும் பெண்ணுக்கு முகம் இறுகி 'சைக்கிள் முகம்' வந்துவிடும் என்று மருத்துவர்களே பயமுறுத்தினார்கள். 1897இல் பெண்களுக்குப் பட்டம் தரக் கூடாது என்று கேம்பிரிட்ஜ் மாணவர்கள் போராடியபோது கட்டித் தொங்கவிட்டது சைக்கிளில் உட்கார்ந்த ஒரு பெண்ணின் கொடும்பாவியை. அடுத்த தலைமுறையில் வர்ஜீனியா வுல்ஃப் லண்டன் தெருக்களில் மாலையில் அலைவதைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது, கிளம்புவதற்கு ஒரு சாக்கை வைக்கிறார்: பென்சில் வாங்கப் போகிறேன் என்று. நம் தி. நகர் பெண்களுக்கு இந்தப் பென்சில் நன்றாகத் தெரியும். "மேட்சிங் பிளவுஸ் பிட் வாங்கணும்" என்பது அதன் தமிழ். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகல நடைபாதையும் இருக்கைகளும் வந்தபின் நான் முதலில் கவனித்தது, கையில் பை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களை.

இதுவரை சொன்னதை ஒருமுறை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரும்பாக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "மேம், எங்க வீடு முன்னாடி அடையாறு ஆத்தோரம்தான் இருந்துச்சு. வெள்ளத்துக்கு அப்புறம் எங்கள அங்க மாத்திட்டாங்க. அம்மா இன்னும் மந்தைவெளியிலதான் வீட்டு வேலைக்கு வராங்க. விடியக்காலையில பஸ் ஏறணும். அவங்களும் தெனம் வெளியிலதான் இருக்காங்க. ஆனா அந்தப் பக்கம் அம்மா சும்மா வந்ததே இல்ல மேம்." வகுப்பு அமைதியானது. அவள் குற்றம் சொல்லவில்லை. என் வாதத்தில் விட்டுப்போன வரியை நிரப்பினாள்.

அந்த வரியைத் தவிர்த்துவிட்டு இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. தெருவில் பெண்ணே இல்லை, நாம்தான் சைக்கிளில் வந்து மீட்டோம் என்று நினைத்தால் அது பொய். நாங்கள் லூப் ரோட்டில் திரும்பும் நேரத்தில் நொச்சிக்குப்பத்துப் பெண்கள் மீன் வாங்கி விற்கத் தயாராகிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் அந்தச் சாலையில் எங்களுக்கு முன்பும் இருந்தார்கள். 2023 ஏப்ரலில் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் மாநகராட்சி அவர்கள் கடைகளை அகற்ற வந்தபோது, சாலையை மறித்து உட்கார்ந்தவர்களும் அவர்கள்தான். இற்செறிப்பு எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி நிகழவில்லை. சாதியும் சொத்தும் உள்ள வீடுகள் தங்கள் பெண்களை உள்ளே வைத்தன. மற்ற பெண்களை வயலுக்கும் சந்தைக்கும் அடுத்தவர் அடுப்படிக்கும் அனுப்பின. ஒருத்திக்கு வெளி மறுக்கப்பட்டது. இன்னொருத்திக்கு ஓய்வு மறுக்கப்பட்டது. இரண்டுக்கும் பொதுவாக மறுக்கப்பட்டதுதான் அந்தச் சின்னச் சொல், சும்மா.

அப்படியானால் எங்கள் ஞாயிறு காலை யார் உழைப்பின் மேல் நிற்கிறது? எங்கள் குழுவில் இதைப் பேசியிருக்கிறோம். ஒருவருக்கு மாமியார் டிபன் செய்கிறார். ஒருவர் வீட்டில் சமையலுக்கு வரும் அக்கா ஞாயிறும் வருகிறார். என் வீட்டில் அன்று காலை உப்புமா கிண்டுவது கணவர். கட்டி தட்டியிருந்தாலும் சாப்பிட்டுவிடுவார்கள். பெண்ணின் விடுதலை நேரம் இன்னொரு பெண்ணின் வேலை நேரமாக மாறினால் வீட்டுக் கணக்கில் எதுவும் மாறியிருக்காது. ஆள் மட்டும் மாறியிருக்கும்.

இந்த உண்மையைக் கண்டபின் வழக்கமாக இரண்டு பக்கம் போவார்கள். சிலர் குற்றவுணர்வில் சைக்கிளை மாடிப்படிக்குக் கீழே போட்டுவிடுவார்கள். நான் போகாமல் இருந்தால் மந்தைவெளிக்கு வரும் அம்மாவுக்கு ஒரு மணி நேரம்கூட ஓய்வு கிடைக்கப்போவதில்லை. வேறு சிலர் சவாரியைச் சேவையாக்குவார்கள்: புற்றுநோய் விழிப்புணர்வு, கடற்கரைத் தூய்மை, பெண் கல்வி என்று பனியனில் அச்சடித்துக்கொண்டு ஓட்டுவார்கள். அவை நல்ல காரியங்கள்தான். ஆனால் மறுபடியும் அந்தப் பென்சில். இன்பத்துக்கு வெட்கப்பட்டு அதன்மேல் ஒரு பயனைப் போர்த்துகிறோம்.

எனக்குச் சரியாகப் படுவது மூன்றாவது வழி. என் இன்பத்தை நியாயப்படுத்தாமல் வைத்துக்கொள்வது. அதே இன்பம் அவளுக்கும் உரியது என்று அதற்கான சூழலைக் கேட்பது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. வீட்டு வேலை செய்பவர்களுக்கு வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று அது சொல்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. அதற்காக நம் அடுப்படிகள் காத்திருக்க வேண்டியதில்லை. சம்பளத்தோடு வார விடுமுறை என்பது நாளையே தொடங்கக் கூடியது. எங்கள் குழுவில் சிலர் தொடங்கியிருக்கிறார்கள். பிறகு, பொதுவானவை: கடற்கரையில் விடியற்காலையிலேயே திறந்திருக்கும் கழிப்பறை, எரிகிற தெருவிளக்கு, காசு கேட்காத இருக்கை, பெரும்பாக்கத்துக்கும் ஞாயிறன்று நேரத்துக்கு ஓடும் பஸ். மாதவிலக்கு நாளில் வீட்டுக்கு வெளியே மூன்று மணி நேரம் இருந்த எந்தப் பெண்ணுக்கும் இந்தப் பட்டியலில் கழிப்பறை ஏன் முதலில் வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

கூட்டமாகப் போவதால்தானே தைரியம், இது என்ன சுதந்திரம் என்று கேட்பவர்களும் உண்டு. தமிழில் 'துணை' என்ற சொல்லுக்கு இரண்டு முகம். "துணைக்குத் தம்பியைக் கூட்டிட்டுப் போ" என்னும்போது அந்தத் துணை காவல். பத்து வயதுத் தம்பி முப்பது வயது அக்காவைக் காப்பான் என்று யாரும் நம்புவதில்லை. அவன் பார்த்துக்கொண்டிருப்பான் என்பதுதான் பொருள். இன்னொரு துணை, நாம் போகும் வழியில் தானும் போவது. எங்கள் குழுவில் ஒரு விதி உண்டு. கடைசியாக வருபவருக்குப் பின்னால் ஒருவர் எப்போதும் மெதுவாக வருவார். யாரையும் விட்டுவிட்டுப் போவதில்லை. கியரைப் பற்றி வகுப்பெடுக்கும் ஆண்களுக்கும் சேர்த்துத்தான் அந்த விதி. அவர்களும் பாலத்தின் ஏற்றத்தில் சில நாள் கடைசியாக வருவார்கள். காவலில் ஒருத்தி பார்க்கப்படுகிறாள். கூட வருவதில் ஒருத்திக்காகக் காத்திருக்கிறார்கள். நான் பெண்ணியம் என்று புரிந்துகொண்டிருப்பது இந்த இரண்டாவது துணையைத்தான். அதன் வேகத்தை முன்னால் போகிறவள் தீர்மானிக்கக் கூடாது.

காணும் பொங்கலன்று நகரத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் உழைக்கும் குடும்பங்கள் மெரினாவுக்கு வருகின்றன. தூக்குவாளியில் கட்டிய சோற்றோடு, குழந்தைகளோடு, மணலில் கால்நீட்டி உட்காரும் பெண்களை அன்று ஆயிரக்கணக்கில் பார்க்கலாம். அன்றைக்கு அவர்களிடம் ஏன் வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அந்த நாளின் பெயரிலேயே காரணம் இருக்கிறது: காண வந்தார்கள், அவ்வளவுதான். வருடத்தில் ஒரு நாள் கேட்காமல் இருக்கத் தெரிந்த ஊருக்கு மற்ற நாட்களிலும் கேட்காமல் இருக்கத் தெரியும். என் மாணவியின் அம்மா ஏதோ ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை, பண்டிகையும் இல்லாமல், கையில் பையும் இல்லாமல், மந்தைவெளியில் பஸ்ஸைவிட்டு இறங்கி, எந்த வீட்டுக்கும் போகாமல், தான் வாழ்ந்த ஆற்றோரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஏன் வந்தாய் என்று யாராவது கேட்டால் சும்மாதான் என்று அவர் சொல்லட்டும்.